திருவருகைக் காலமும் நம் வீடும்: மனத்தை விட்டு அகலாத ஓர் அனுபவத்தைப் பகிருங்கள்

ரோசாத்திரி (தொடங்கியவர்)

என் மாமனார் காலமானது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில். இரண்டாம் ஞாயிறு எப்படிக் கழிந்தது என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. மூன்றாம் ஞாயிறு மாலை வழக்கம்போல, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரிகள் கொண்ட வளையத்தை மேசையின் நடுவில் வைத்து விளக்கை அணைத்தபோது, இளைய மகள் என் கையைப் பிடித்து, "அம்மா, இந்த ரோசாத்திரியை மட்டும் இந்த வருஷம் விட்டுடலாமா?" என்று கேட்டாள். அது மகிழ்ச்சிக்கான திரி என்று அவளுக்கு நாங்கள்தாம் சொல்லிக் கொடுத்திருந்தோம். எனக்கு மறுமொழி வரவில்லை.

அடக்கத்துக்குப் பின் அறையை விட்டு அதிகம் வெளியே வராத அத்தை, அப்போது எழுந்து வந்து தீப்பெட்டியை எடுத்தார்கள். புதுத் திரி மெழுகுக்குள் மடங்கிக் கிடந்ததால் முதல் குச்சியில் அது பற்றவில்லை. நகத்தால் மெழுகைச் சுரண்டித் திரியை நிமிர்த்திவிட்டு இரண்டாவது குச்சியைக் கிழித்தார்கள். அது விரல் நுனிவரை எரிந்து வந்தும் கையை எடுக்காமல், திரி பற்றும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு, "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்" என்ற வரியைப் புத்தகம் பாராமல் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அழவில்லை.

அது பேத்திக்காகச் செய்ததா, கணவருக்காகச் செய்ததா, தமக்கே சொல்லிக்கொண்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. உங்கள் வீடுகளிலும் இப்படி ஏதேனும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்

உங்கள் மாமியார் செய்தது முற்றிலும் சரி. ஆனால் குழந்தையின் கேள்விக்கு வீட்டில் ஒருவரும் மறுமொழி கூறாமல் விட்டது சரியன்று என்பது என் கருத்து. மூன்றாம் ஞாயிற்றின் ரோசா நிறம் அந்த வீட்டில் அன்று நிலவும் மனநிலையைக் குறிப்பதில்லை. பிலிப்பி நகரக் கிறிஸ்தவர்களுக்கு அந்த வரியை எழுதியபோது திருத்தூதர் பவுல் சிறையில் விலங்கிடப்பட்டிருந்தார். மகிழ்ச்சியான மனிதர் ஒருவர் மகிழ்ச்சியான மனிதர்களுக்கு எழுதிய வாழ்த்து அன்று அது. இதைக் குழந்தைக்குச் சொல்லலாம்; புரியும்.

என் அனுபவம் சிறியது. முதல் வாரத்து வகுப்பில் "விழிப்பாயிருங்கள்" என்ற நற்செய்திப் பகுதியை வாசித்து முடித்ததும் ஒரு சிறுவன் எழுந்து, "அவர் மறுபடி வரும்போது குழந்தையா வருவாரா, பெரியவரா வருவாரா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதில் வரும்வரை நின்றுகொண்டே இருந்தான். நம் வீடுகளில் பெரும்பாலானவை பிறக்கப்போகும் குழந்தைக்காக மட்டுமே ஆயத்தமாகின்றன என்பதை அந்தக் கேள்வியைப் போல எந்த மறையுரையும் எனக்கு உணர்த்தியதில்லை.

ஆகவே இங்கு வாசிக்கும் பெற்றோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டுகிறேன். திருவருகைக் காலம் நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. எனவே அதன் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2022-இல் அது 28 நாள். 2023-இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24 ஆகிவிட்டதால் 22 நாள்தான். டிசம்பர் 1 முதல் சின்னஞ்சிறு கதவுகளைத் திறக்கும் நாட்காட்டியை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளுக்கு இந்த வேறுபாடு தெரிவதே இல்லை. டிசம்பர் 16 வரை திருவழிபாட்டு வாசகங்கள் பெரும்பாலும் ஆண்டவரின் இரண்டாம் வருகையையும் திருமுழுக்கு யோவானின் அழைப்பையும் பற்றியவை. 17-ஆம் தேதியிலிருந்துதான் அவை பெத்லகேமை நோக்கி நேராகத் திரும்புகின்றன. திருப்பலியின் புகழ்ப்பாடலான வானவர் கீதம் ஞாயிறுதோறும் விடப்படுவதும், ஆனால் தவக்காலத்தைப் போலன்றி அல்லேலூயா தொடர்ந்து பாடப்படுவதும் இக்காலம் துயரக் காலமன்று, ஏக்கக் காலம் என்பதைக் காட்டுகின்றன. கிளேர்வோ நகரப் புனித பெர்னார்து மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார்: மனித உடலேற்று வந்தது, மாட்சியோடு வரவிருப்பது, இவ்விரண்டுக்கும் இடையே மறைவாக நம் உள்ளத்துக்குள் நாள்தோறும் வருவது. மூன்றாவதாகச் சொன்னதற்குத்தான் வீட்டில் இடம் வேண்டும். திரியை நாள்தோறும் ஒரே நேரத்தில், இரவுணவுக்கு முன் ஏற்றுங்கள். கடைசிப் பிள்ளை ஏற்றட்டும். மூத்த பிள்ளை வாசிக்கட்டும். வாசகம் ஐந்தாறு வசனங்களுக்கு மேல் வேண்டாம். கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும்.

இன்னொன்று: வளையம் தொன்மையான சட்டம் அன்று. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்த யோகான் இன்றிச் விச்சேர்ன் என்ற லூத்தரன் சபைப் போதகர், "கிறிஸ்துமஸ் எப்போது வரும்?" என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதால், ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய திரிகளும் மற்ற நாள்களுக்குச் சிறிய திரிகளுமாகப் பொருத்தினார் என்பர். காத்திருக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக வந்த பொருள் அது. உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொள்ளலாம்.

இரவுப்பணி

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் "நாள்தோறும் ஒரே நேரத்தில்" என்பது என்னைப் போன்ற செவிலியருக்கு நடவாத காரியம். டிசம்பரில் எனக்கு இரவுப் பணி வந்தால், என் பிள்ளைகள் திரி ஏற்றும் நேரத்தில் நான் பணிமுறை மாற்றத்தில் நோயாளிகளைப் பொறுப்பேற்றுக்கொண்டிருப்பேன்.

தொற்றுக்காகத் தனியறையில் வைக்கப்பட்டிருந்த முதியவர் ஒருவர், தலைமாட்டில் தம் செபப் புத்தகத்தை வைத்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்றும், அன்றைய மாலைப் புகழ் என்னும் மாலை மன்றாட்டின் முன்மொழியை, அதாவது பாடலோடு சொல்லும் சிறு வேண்டுதலை, மட்டும் வாசிக்க முடியுமா என்றும் கேட்டார். அன்று டிசம்பர் 20. 17 முதல் 23 வரை மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும், 'ஓ' என்ற விளியோடு தொடங்கி, நாளுக்கு ஒன்றாக வரும் ஏழு முன்மொழிகளை நீங்கள் அறிவீர்கள். அன்றையது தாவீதின் திறவுகோல்: நீர் திறந்தால் எவரும் பூட்ட முடியாது, நீர் பூட்டினால் எவரும் திறக்க முடியாது, வந்து சிறையிலும் இருளிலும் இருப்பவரை வெளியே அழைத்துச் செல்லும் என்று வேண்டுவது.

பாதுகாப்பு உடைக்குள் மூச்சு மேலேறி என் கண்ணாடி வெண்மையாக மூடிக்கொண்டது. எழுத்து தெரியாமல் நிறுத்தி, மீண்டும் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். அவரோ நான் வேண்டுமென்றே இரண்டாம் முறை சொல்வதாக எண்ணி, "வாரும்" என்ற இடத்தில் என்னோடு சேர்ந்துகொண்டார். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவருடைய குரல் முழுமையாக வந்தது. சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார். அந்தக் கதவை உள்ளிருப்பவர் திறக்கக் கூடாது என்பது விதி.

1943 நவம்பரில் நாஜிகளின் சிறையிலிருந்து ஜெர்மானிய லூத்தரன் போதகர் தீத்ரிச் போனோபர் எழுதிய கடிதம் ஒன்றில், சிறை அறையின் வாழ்வைத் திருவருகைக் காலத்தோடு ஒப்பிட்டு, கதவு பூட்டியிருக்கிறது, அதை வெளியிலிருந்து மட்டுமே திறக்க முடியும் என்று சொல்லியிருப்பார். அதை முன்பே படித்திருந்தேன். அந்த அறையில்தான் அது எனக்கு உறைத்தது. அடுத்த முறை நான் பணிக்கு வந்தபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். அந்த முதியவரை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் மீதி மூன்றையும் அவருக்கு யார் வாசித்திருப்பார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இப்போது அந்த ஏழு நாள்களிலும் பணி இடைவேளையில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, பிள்ளைகளுக்கு அன்றைய முன்மொழியைச் சொல்கிறேன். "வாரும்" என்பது அவர்களுடைய பங்கு.

ரோசாத்திரி (தொடங்கியவர்)

ஆசிரியர் அவர்களுக்கு: பவுல் சிறையில் இருந்தது எனக்கும் தெரியும். தாத்தாவின் நாற்காலி காலியாக இருக்கையில் ஒரு குழந்தை கேட்டது நிறத்தைப் பற்றிய ஐயம் அன்று. அந்த நேரத்து விளக்கத்தைவிட அத்தையின் விரல்கள் அவளுக்கு அதிகம் சொல்லியிருக்கும் என்றே நம்புகிறேன். சகோதரி 'இரவுப்பணி' எழுதியதை இன்று அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்கள்.

தனியறை

இங்கே எழுதப்படும் அறிவுரைகள் எல்லாம் மூத்த பிள்ளை, இளைய பிள்ளை, மேசை என்றே இருக்கின்றன. தனியாக வாழ்பவர்களும் காத்திருக்கிறார்கள். நானே ஏற்றி நானே பார்த்துக்கொண்டிருக்கும் நான்கு திரிகளில் என் மனம் ஒன்றவில்லை. ஆகவே லூக்கா நற்செய்தியை எடுத்துக்கொண்டேன். அதற்கு 24 அதிகாரங்கள் இருப்பதால், டிசம்பர் முதல் தேதியிலிருந்து நாளுக்கொன்றாக வாசித்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் முடியும். பலர் செய்வதுதான்.

இரண்டாம் நாளிலேயே பிறப்பு முடிந்துவிடுகிறது. விழா நெருங்க நெருங்க நான் எருசலேமை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். டிசம்பர் 23 இரவு, மேல்மாடி வீட்டுக்கு வந்திருந்த பாடற்குழுவினர் உரத்த குரலில் பாடிக்கொண்டிருந்தபோது, என் முன்னே விரிந்திருந்தது சிலுவை மரணத்தின் அதிகாரம். வாசிப்பதை நிறுத்தவும் மனமில்லை. பாட்டு காதில் விழாமலும் இல்லை. அப்போதுதான் அரிமத்தியா யோசேப்பைப் பற்றிய வரி கண்ணில் பட்டது: அவர் இறையாட்சிக்காகக் காத்திருந்தவர். இரண்டாம் அதிகாரத்தில் குழந்தையைக் கையில் ஏந்திய சிமியோனைப் பற்றியும் லூக்கா ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார். காத்திருந்த ஒருவர் அவரைக் குழந்தையாக ஏந்துகிறார். காத்திருந்த இன்னொருவர் அவரைச் சடலமாக இறக்கித் துணியில் சுற்றுகிறார். இரண்டாம் அதிகாரத்திலும் அவரைத் துணியில் சுற்றித்தான் கிடத்தினார்கள். முன் பக்கங்களைப் புரட்டி அந்த இரண்டு இடங்களையும் பென்சிலால் கோடிட்டேன். மேலே பாட்டு முடிந்து, கைதட்டி, கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மறுநாள், எம்மாவு ஊருக்குச் செல்லும் வழியில் இரு சீடர்கள் உயிர்த்த இயேசுவைச் சந்திக்கும் பகுதி. "எங்களோடு தங்கும், ஏனெனில் மாலை நேரம் ஆயிற்று, பொழுதும் போயிற்று" என்று அந்த இருவரும் சொல்வதைக் கிறிஸ்துமஸ் இரவில் வாசித்த பின், நள்ளிரவுத் திருப்பலிக்கு எப்போதையும்விட முன்னதாகவே கிளம்பினேன்.

வைக்கோல்

கிறிஸ்துமஸ் குடிலில் காலியான தீவனத் தொட்டியை முன்கூட்டியே வைத்து, பிள்ளைகள் ஒரு நற்செயல் செய்தால் ஒரு வைக்கோல் இடும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஓரிரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். மூத்தவன் இருட்டில் குடிலின் முன் மண்டியிட்டு, தொட்டியிலிருந்து ஒரு வைக்கோலை எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்தவன் சற்றே யோசித்து, இன்னொன்றையும் எடுத்தான். மாலையில் தம்பியோடு சண்டை நடந்திருந்தது. அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை. வைக்கோலை எடுக்க வேண்டும் என்ற விதியும் எங்களிடம் இல்லை. நான் கூடத்துக்குள் போகாமல் திரும்பிவிட்டேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) நல்ல ஆயத்தம் என்று ஒரு மனம் சொல்கிறது. ஆண்டவருக்குப் படுக்க இடம் கிடைப்பது தன் கணக்கைப் பொறுத்தது என்று அவன் நினைத்துவிட்டானோ என்று இன்னொரு மனம் அஞ்சுகிறது. லூக்காவின் கதையில் தொட்டியை யாரும் சம்பாதித்துத் தரவில்லை. விடுதியில் இடமில்லாததால் அவரே அதில் வந்து கிடந்தார்.

விடியல்

வைக்கோல் எழுதிய சகோதரருக்கு: செயலுக்கு ஒன்று என்பதை விட்டு, மன்றாடுகின்ற ஆளுக்கு ஒன்று என்று மாற்றிப் பாருங்கள். எடுப்பதற்குக் காரணமே இராது. எங்கள் வீட்டில் அப்படித்தான். நோயுற்றவர், தேர்வு எழுதுபவர், பேச்சுவார்த்தை நின்றுபோன உறவினர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வைக்கோல். தங்களுக்குப் பிடிக்காதவருக்கும் ஒன்று இட வேண்டும் என்பது மட்டும் விதி. அதைத்தான் பிள்ளைகள் கடைசிவரை ஒத்திப்போடுவார்கள்.

என் அனுபவம், மெழுகுதிரி ஒளியில் மட்டும் நடக்கும் அதிகாலைத் திருப்பலி. அன்னை மரியாவைச் சிறப்பித்து, விடிவதற்கு முன் இருட்டில் தொடங்குவது. "வானங்களே, பொழியுங்கள்" என்ற எசாயாவின் வேண்டுதலின் இலத்தீன் தொடக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'ரோராத்தே' என்ற பெயர் வந்தது. முதல் வாசகம் வாசிக்கச் சென்ற பெரியவருக்கு ஒரு திரியின் ஒளி போதவில்லை. இரண்டு வரிகளுக்குப் பின் நின்றுவிட்டார். மின்விளக்கைப் போட ஒருவர் சுவர்ப் பக்கம் போவதற்குள், முன்வரிசையிலிருந்த பெண்கள் தங்கள் திரிகளோடு சென்று அவரைச் சுற்றி நின்றார்கள். வாசகம் முடியும்வரை நின்றார்கள். ஒருத்தியின் கையில் மெழுகு வடிந்துகொண்டிருந்தது. வாசகம் முடிந்த பிறகே அதைத் துடைத்தாள்.

நாற்பது நாள்

நான் கிழக்குத் திருச்சபை மரபைச் சேர்ந்தவன். என் மனைவி கத்தோலிக்கர். 22 நாளா, 28 நாளா என்று ஆசிரியர் கணக்கிடுவதைப் பார்த்தேன். எங்கள் மரபில் கிறிஸ்து பிறப்பு நோன்பு நவம்பர் 15-இல் தொடங்கி 40 நாள் நீடிக்கும். அது ஞாயிறைப் பார்த்து நகர்வதில்லை. இதைப் போட்டியாகச் சொல்லவில்லை. ஆனால் திரி, நாட்காட்டி, வைக்கோல் எல்லாவற்றையும் பற்றிப் பேசும் இந்த உரையாடலில் நோன்பைப் பற்றி ஒருவரும் எழுதாதது எனக்கு வியப்பளிக்கிறது. பசித்த வயிறு காத்திருப்பதைத் தானே கற்றுக்கொள்கிறது.

முதல் ஆண்டில் என் மனைவி, நோன்பு தன் மரபின் கடமை அன்று என்று சொல்லி, தனக்குத் தனியாகச் சமைத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. முதல் திருவருகை ஞாயிறன்று அவள் வளையத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, என் தட்டில் இருந்ததையும் தன் தட்டில் இருந்ததையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் தன்னுடையதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, என்னுடையதில் பாதியை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றி விவாதித்ததில்லை. இப்போது நவம்பர் 15 அன்று இருவரும் நோன்பைத் தொடங்குகிறோம். அதற்குரிய ஞாயிறு வந்ததும் இருவரும் வளையத்தில் முதல் திரியை ஏற்றுகிறோம். எங்கள் மகன் இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் அவனே குறித்துவிடுகிறான்.