‘தகாதாய்’ என்றால் மேடு: ஜப்பானில் நிலம் நடுங்கிய நாள்கள்

ஜப்பானில் பணியாற்றும் மூன்று பேர், ஒருவர் எழுதியதைப் படித்து மற்றவர் என்று அடுத்தடுத்து எழுதியவை இவை.

டோக்கியோ, மென்பொருள் பணி

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. நான் ஜப்பானுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஷின்ஜுகுவில் பத்தொன்பதாவது மாடியில் அலுவலகம். பிற்பகல் மூன்று மணி நெருங்கும் வேளையில் மேசை லேசாக அதிர்ந்தது. அதுவரை நான்கைந்து சிறு அதிர்வுகளைப் பார்த்திருந்ததால் தலை நிமிராமல் வேலையைத் தொடர்ந்தேன். அதிர்வு நிற்கவில்லை. சக்கரம் வைத்த நகலெடுக்கும் இயந்திரம் அறையின் குறுக்கே உருண்டு போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. சன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது நாங்கள் மறுபக்கம் சாய்ந்துகொண்டிருந்தோம்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. தரை அடங்கிய பிறகும் உயரமான கட்டடங்கள் பல நிமிடம் ஆடும் என்பதைப் பின்னர்தான் படித்தேன். பெரிய நிலநடுக்கத்தில் எழும் மெதுவான நீண்ட அலைகள் வெகுதூரம் போய் உயர்ந்த கட்டடங்களையே பிடித்து ஆட்டுமாம். அன்று மையத்திலிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஓசாகாவில் இருந்த ஓர் அரசு அலுவலகக் கோபுரமும் ஆடியது.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் முதலில் செய்த வேலை, ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்தது. நிலை கோணலாகிவிட்டால் கதவு திறக்காது. மற்றவர்கள் மேசைக்கு அடியிலிருந்து தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ‘ஜிஷின்’ (நிலநடுக்கம்) என்ற ஒரு சொல்லைத் தவிர எனக்கு எதுவும் புரியவில்லை. மின்தூக்கியை நோக்கிப் போனேன். அந்த மூத்தவர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினார். அந்தப் பிடியை இன்றும் தோளில் உணர்கிறேன்.

ரயில்கள் எல்லாம் நின்றுவிட்டன. நிஷி-கசாய் வரை நடந்தேன், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நடைபாதை முழுக்க மனிதர்கள், ஆனால் கூச்சல் இல்லை. அரகவா ஆற்றுப் பாலத்தை இருட்டில் கடந்தபோது காற்று அறைந்தது. கைபேசி இணைப்பு கிடைக்கவில்லை. பச்சை நிறப் பொதுத் தொலைபேசிகளின் முன்னால் நீண்ட வரிசை நின்றது.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி ஒரு முழம் நகர்ந்திருந்தது. அடுப்பு எரியவில்லை. எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்று பயந்து, இரண்டு நாள் சூடாக எதுவும் சமைக்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்துவிட்டு, என்னை வெளியே அழைத்துப்போய் எரிவாயு மீட்டரைக் காட்டினார். ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பலமான அதிர்வு வந்தால் மீட்டர் தானாகவே வாயுவை அடைத்துவிடும். உள்ளே எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்டு, வாசனை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு, மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தி மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். விளக்கு அணைந்தால் தீர்ந்தது. வந்த முதல் வாரத்தில் வங்கிக் கணக்கு தொடங்க இருபது படிவம் நிரப்பினேன். இந்தப் பொத்தானைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

பின்னதிர்வுகள் வாரக்கணக்கில் வந்தன. நிலம் ஆடாதபோதும் ஆடுவதுபோல் இருக்கும். இதற்கு ஜப்பானியர்கள் ‘ஜிஷின்-யோய்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மேசையில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துப் பார்ப்பேன். தண்ணீர் அசையாவிட்டால் என் தலைதான் ஆடுகிறது என்று பொருள்.

ஊரிலிருந்து எல்லோரும் “ரிக்டர் எவ்வளவு?” என்றுதான் கேட்பார்கள். இங்கே வாழ்பவருக்கு அந்த எண் அவ்வளவு உதவாது. ‘ஷிந்தோ’ என்ற அளவையே பாருங்கள். நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு குலுங்கியது என்பதை அது சொல்லும். 0 முதல் 7 வரை, 5-ம் 6-ம் மட்டும் ‘மெலிந்தது’, ‘வலியது’ என்று இரண்டாகப் பிரியும். 2011-இல் நிலநடுக்கத்தின் மொத்த வலிமை, ஊரில் கேட்கும் அந்த எண், 9.0. வடகிழக்கே மியாகியின் குரிஹராவில் ஷிந்தோ 7, டோக்கியோவில் வலிய 5. நான் உயிரோடு இருப்பதற்கும் வடகிழக்குக் கரையில் பல்லாயிரம் பேர் இல்லாமல் போனதற்கும் இடையில் அந்தத் தொலைவும் கடலும் இருக்கின்றன. அதை நினைக்காமல் இந்தக் கதையை என்னால் சொல்ல முடியாது.

வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1981 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதி பெற்ற கட்டடமா என்று கேளுங்கள். புதிய நிலநடுக்க விதிமுறை அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. அது விரிசலே விழாது என்று வாக்குக் கொடுப்பதில்லை. உள்ளிருப்பவர் மேல் கட்டடம் இடிந்து விழக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இஷிகாவா, முதியோர் பராமரிப்பு

ஐயா எழுதியதில் ‘ஒரு சொல்லைத் தவிர எனக்கு எதுவும் புரியவில்லை’ என்ற வரியில் நின்றுவிட்டேன். என் கதையும் ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

2024 ஜனவரி 1. நோதோ தீபகற்பத்தில், நானாவோவில் உள்ள முதியோர் இல்லத்தில் எனக்குப் பணி. மாலை நான்கு மணி தாண்டியதும் ஒரு குலுக்கல் வந்தது. அடங்கிவிட்டது என்று தேநீர்க் குவளைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, 4.10-க்கு இரண்டாவது வந்தது. 7.6 அளவு. எங்கள் பக்கம் ஷிந்தோ வலிய 6. அந்த அளவில் நிற்கவே முடியாது, தவழத்தான் முடியும். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பாட்டியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன்.

ஊர் ஒலிபெருக்கி, பெரும் சுனாமி எச்சரிக்கை என்றது. ‘தகாதாய் நி ஹினான்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னது. ‘தகாய்’ என்றால் உயரம் என்று தெரியும், விலை அதிகம் என்றும் பொருள் உண்டு. ‘தகாதாய்’ தெரியாது. தேர்வுக்குப் படித்த புத்தகத்தில் அது வரவில்லை. அந்த நேரத்தில் தொலைக்காட்சியில், ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் அறிவிப்பாளர் ஒரு பெண், ஏறக்குறைய அலறலாக, “இமா சுகு நிகேரு கோதோ!” என்றார். இப்போதே ஓடுங்கள். திரையிலும் ‘கான்ஜி’ எனப்படும் கடினமான சீன எழுத்து இல்லாமல், குழந்தைகள் படிக்கும் ஹிராகனாவில் ‘நிகேதே’ என்று பெரிதாக இருந்தது. அது எனக்குப் புரிந்தது. அந்தக் குரல் மரியாதைச் சொற்களைத் தேடிக்கொண்டு நிற்காததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மின்தூக்கி நின்றுவிட்டது. போர்வையின் நான்கு முனைகளை நான்கு பேர் பிடித்து, முதியவர்களை ஒவ்வொருவராக மேல்மாடிக்குத் தூக்கினோம்.

1995-இல் கோபே நகரைச் சிதைத்த நிலநடுக்கத்தில், மொழி புரியாத வெளிநாட்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் ‘யாசாஷீ நிஹோங்கோ’, அதாவது எளிய ஜப்பானியம், பற்றிய ஆய்வு தொடங்கியது என்று பின்னர் எங்கள் மொழி ஆசிரியை சொன்னார். ‘தகாதாய் நி ஹினான்’ என்பதை ‘உயரமான இடத்துக்கு ஓடுங்கள்’ என்று சொல்வது. இதைவிட அன்பான இலக்கணத்தை நான் படித்ததில்லை.

வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடிக்க லாரியில் வந்துவிடும், கழிப்பறைதான் கொடுமை. கழிப்பறைத் தொட்டியில் பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் முதியவர்களுக்கான உறிஞ்சு பட்டையைப் போட்டு, பயன்படுத்திய பிறகு கட்டி எடுத்தோம். இப்போது என் அறையில் உணவைவிட அந்தப் பைகளைத்தான் அதிகம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

குமாமோதோ, தொழிற்சாலைப் பணி

இரண்டு பேரும் எழுதியதைப் படித்த பிறகு நானும் எழுதத் துணிகிறேன். 2016 ஏப்ரல் 14 இரவு, 6.5. பக்கத்து ஊரான மாஷிகியில் ஷிந்தோ 7. எல்லோரும் இதுதான் பெரியது, இனி பின்னதிர்வுகள்தான் என்றார்கள். 15-ஆம் தேதி வீட்டுக்குள் போய்ப் படுக்கலாம் என்று நினைத்தேன். மேற்பார்வையாளர், “இன்னும் ஓர் இரவு காரிலேயே படு” என்றார். 16-ஆம் தேதி அதிகாலை 1.25-க்கு வந்தது 7.3. மாஷிகியில் மறுபடியும் 7. என் படுக்கை இருந்த இடத்தில் அலமாரி கிடந்தது.

அதற்குப் பிறகு, பெரிய நிலநடுக்கம் முடிந்த உடனே ‘பின்னதிர்வு’ என்ற சொல்லை வானிலை முகமை பயன்படுத்துவதில்லை. ஒரு வாரத்துக்கு அதே அளவு குலுக்கம் வரலாம் என்றுதான் எச்சரிக்கிறது. ஒரு சொல் மனிதர்களை வீட்டுக்குள் அனுப்பிவிடும் என்பதை அந்த இரவு காட்டியது.

காரில் தூங்குபவர்கள் கவனியுங்கள்: காலை மடக்கியே கிடந்தால் இரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்து. அந்த நாள்களில் அப்படியும் உயிரிழப்பு நேர்ந்தது. எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும்.

இன்னொன்று. சில நாள் கழித்து என் கதவில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. வாடகைக்கான அறிவிப்பு என்று எண்ணிக் கிழித்தெறியப் போனேன். அவசர ஆய்வின் முடிவு அது. சிவப்பு என்றால் நுழையக் கூடாது, மஞ்சள் என்றால் எச்சரிக்கையோடு, பச்சை என்றால் ஆய்வு முடிந்தது. சேதச் சான்றிதழ் வேறு, அதை நகராட்சியில் கேட்டு வாங்க வேண்டும். பெயர் ‘ரிசாய் ஷோமேய்ஷோ’. உடைந்ததைப் பெருக்குவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சுத்தம் செய்த பிறகு படம் எடுத்தேன்.

டோக்கியோ, மென்பொருள் பணி

தம்பி, அந்த மேற்பார்வையாளரை ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

சகோதரி சொன்ன சொல்லை இன்றே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். கூடவே மற்றொன்று: 171. பேரிடர் நேரத்தில் அந்த எண்ணை அழைத்துக் குரல் செய்தி பதிவு செய்யலாம், உங்கள் எண் தெரிந்த குடும்பத்தார் ஜப்பானுக்குள் எங்கிருந்தும் அதைக் கேட்கலாம். மாதம் 1, 15 தேதிகளில் ஒத்திகைக்குத் திறந்திருக்கும். போன முறை நானும் மனைவியும் முயன்றோம். பொத்தான்களின் வரிசையில் இரண்டு முறை தவறினோம். மூன்றாவது முறை அவள் குரல் கேட்டது: “நான் பள்ளி மைதானத்தில் இருக்கிறேன், நீங்கள் எங்கே?” ஒத்திகைதான் என்று தெரிந்தும், பதில் பதிவு செய்ய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. வருகிற 15-ஆம் தேதி நீங்களும் செய்து பாருங்கள்.