அக்னி நட்சத்திர வெயிலில் மிளகாய் இலைச்சுருட்டு: வேப்பெண்ணெய் தெளிக்கலாமா?

வைகைக்கரை: மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். மிளகாய்ச் செடிகளின் நுனி இலைகள் சுருண்டு, பூக்கள் உதிர்கின்றன. கத்தரி இலைகளோ வெளிறி, தூசி படிந்தாற்போல் தெரிகின்றன. இந்த வெயிலில் வேப்பெண்ணெய் தெளிக்கலாம் என்று சிலரும், கூடாது என்று சிலரும் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

முல்லைப்பந்தல்: தயங்காமல் தெளியுங்கள். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலுடன் நன்றாகக் கலக்கி, வாரம் ஒருமுறை அடித்தால் போதும். கோடையில் பூச்சிகள் பெருகும் வேகத்திற்கு, எந்தப் பூச்சி என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் செடி நமக்கு மிஞ்சாது. வருமுன் காப்பதே வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்றது.

கரிசல்காடு: இதை நான் ஏற்கவில்லை. மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் அது இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. கத்தரி இலையைத் திருப்பி, வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பாருங்கள். புள்ளிகள் ஊர்ந்து, விரலால் நசுக்கும்போது செந்நிறக் கோடு விழுந்தால் அது செம்பேன். வறண்ட வெப்பத்தில் அதன் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிந்துவிடும். தண்ணீரின்றி வாடி நிற்கும் செடிமீது 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் எண்ணெய் படிந்தால், பூச்சிக்கு முன்பாக இலைதான் கருகும். முதலில் வேருக்கு நீர் விட்டு, காலையில் இலையின் அடிப்பக்கத்தைக் குழாய் நீரால் விசையாகக் கழுவுங்கள்.

முல்லைப்பந்தல்: நண்பகலில் அடிக்கச் சொல்லவில்லையே! வேம்பில் பூச்சியைத் தடுக்கும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும் என்பதால், மாலையில்தான் எவரும் தெளிப்பார்கள். மேலும், இலையை நனைத்தால் பூஞ்சாண நோய் வராதா?

கரிசல்காடு: காலையில் நனைந்த இலை இந்த வெயிலில் விரைவில் உலர்ந்துவிடும். கோடையில் வெண்டையையும் அவரையையும் தாக்கும் சாம்பல் நோய் என்னும் பூஞ்சாண நோய்க்கோ இலையில் நீர்ப்படலமே தேவையில்லை. மாலை என்கிறீர்கள், ஆனால் மதுரையில் ஆறு மணிக்கும் மொட்டைமாடித் தளம் அனல் கக்கும். வேம்புதான் வேண்டுமென்றால், இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்த சாறு, எண்ணெயைவிட இலைக்குப் பாதுகாப்பானது.

உழவன்மகன்: இவ்வளவு பாடு எதற்கு? கடையில் இமிடாகுளோபிரிட் என்ற ரசாயனப் பூச்சிமருந்து கிடைக்கிறது. ஒருமுறை அடித்தால் தீர்ந்தது.

கரிசல்காடு: தீராது, நண்பரே. செம்பேன் பூச்சியினம் அன்று, சிலந்தி வகை; அந்த மருந்து அதைக் கொல்லாது. அதைத் தின்னும் நன்மை செய்யும் உயிரிகள் மடிவதால், செம்பேன் முன்னிலும் பெருகவே வாய்ப்பு அதிகம். தினமும் காய் பறிக்கும் செடியில் அந்த நஞ்சு வேண்டவும் வேண்டாம்.

முல்லைப்பந்தல்: இதில் கரிசல்காடு சொல்வதே சரி. ஆனால் மாவுப்பூச்சிக்கு அவருடைய குழாய் நீர் மட்டும் போதாது. அதன் மெழுகுப் பூச்சைக் கரைக்கச் சோப்பும் எண்ணெயும் தேவை. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கரிசல்காடு: சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன், அதைச் சுமந்து பரப்பும் எறும்புகளையும் தடுக்க வேண்டும். 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது தெளிப்பான் அன்று. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிதான். கண்டபடி மருந்தடித்தால் அத்தகைய குளவிகளைத்தான் முதலில் இழப்போம்.

வைகைக்கரை: கத்தரி இலையைத் தாளில் தட்டினேன்; புள்ளிகள் ஊர்ந்தன, நசுக்கியபோது செந்நிறமாகத்தான் இருந்தது. மிளகாய் இலைகள் மேல்நோக்கியே சுருண்டுள்ளன. வெண்டையில் நரம்புகள் மட்டும் மஞ்சளாகியுள்ளன. அதையும் கழுவினால் போதுமா?

முல்லைப்பந்தல்: போதாது. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி, எண்ணெயாலும் குணமாகாது. அந்தச் செடியை இன்றே பிடுங்கி எரித்துவிட்டு, மற்ற வெண்டைகளுக்கு அருகில் மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள்.