புதுப்பிப்பு: அம்மாவுடன் கொலோன் போய் வந்தாச்சு

டிசம்பரில் ஜெர்மனியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு 67 வயது அம்மாவைக் கூட்டிப் போகலாமா, குளிர் தாங்குவாரா என்று முன்பு கேட்டிருந்தேன். தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

குளிரைவிட இருட்டுதான் அம்மாவை வாட்டியது. மாலை நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். அதனால் காலை ஒன்பதுக்கே கிளம்பிவிடுவோம். நீங்கள் சொன்னபடி சேலைக்குள் குளிர் தாங்கும் தெர்மல் உள்ளாடை, கம்பளிக் காலுறை, ஒரு நம்பர் பெரிய ஷூ. அதுதான் காப்பாற்றியது.

கொலோன் பேராலயத்தை 1248இல் கட்டத் தொடங்கி 1880இல்தான் முடித்தார்கள். கோபுரத்துக்கு 533 படிகள். நான் மட்டும் ஏறினேன். இறங்கி வந்தபோது அம்மா ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கையுறையைக் கழற்றி அந்தச் சூட்டில் விரல்களைக் காட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அக்கா. மூன்று வருஷம் கழித்து இருவரையும் சேர்த்துப் பார்க்கிறேன், கண் கலங்கிவிட்டது.

கொலோனிலிருந்து பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸுக்கும் போய் வந்தோம். ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்குள்ள கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தை விளக்கு போட்ட பிறகு பாருங்கள்.

டிசம்பரில் ஜெர்மனி போகிறவர்கள் 24ஆம் தேதி மதியத்துக்குள் பால், காய்கறி வாங்கிவிடுங்கள். 25, 26 இரண்டு நாளும் கடைகள் அடைப்பு. கிறிஸ்துமஸ் சந்தையில் சூடான பானம் தரும் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். அம்மா கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டார். இன்று காலை காபி அதில்தான்.