நகர சபையின் தீர்மானத்தை மாநிலச் சட்டம் முறியடிக்க முடியுமா?

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
என் தங்கை குடும்பத்துடன் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் வசிக்கிறாள். அவர்களுடைய புகலிட வழக்கு இன்னும் முடியவில்லை. ஒருவரது குடிவரவு நிலையைப் பொலிசார் விசாரிக்கக் கூடாது என்று அமெரிக்காவின் சில நகரங்கள் விதித்திருப்பதாக வாசித்தேன். சமஷ்டி அரசே அந்த நகரங்களைக் கட்டாயப்படுத்த முடியாதிருக்க, டெக்சாஸ் அரசுக்கு மட்டும் அது எவ்வாறு இயலுகிறது?

மட்டக்களப்புச் சட்டத்தரணி:
வணக்கம் அக்கா. சமஷ்டிச் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு உள்ளூர் அலுவலர்களுக்குச் சமஷ்டி அரசு கட்டளையிட முடியாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1997இல் பிரின்ட்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு மாநிலத்தின் இறைமையிலிருந்து வருவது. நகரத்துக்கெனத் தனி இறைமை கிடையாது. மாநிலம் கொடுத்த அதிகாரத்தை மாநிலமே குறைத்துவிடலாம்.

டெக்சாஸ் 2017இல் நிறைவேற்றிய எஸ்.பி. 4 என்ற சட்டம் அதைத்தான் செய்தது. குடிவரவு அதிகாரிகள் கோரும் கைதியைச் சிறைகள் தடுத்துவைக்க வேண்டும். கைதானவரிடமோ சட்டப்படி மறிக்கப்பட்டவரிடமோ பொலிசார் குடிவரவு நிலையைக் கேட்பதை நகரம் தடுக்கக் கூடாது. மீறினால் முதன்முறை குறைந்தது 1,000 டொலரும், பின்னர் நாளொன்றுக்குக் குறைந்தது 25,000 டொலரும் தண்டம், பதவியும் பறிபோகலாம். குடிவரவு நிலையைக் கேட்கக் கூடாது என்ற விதியை 1999 முதல் வைத்திருந்த எல் செனிசோ என்ற சிறிய எல்லையூர் வழக்குத் தொடுத்தது. டெக்சாஸுக்கும் பொறுப்பான சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றமாகிய ஐந்தாம் வட்டார நீதிமன்றமோ 2018இல் சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லுபடியாக்கியது.

கல்முனை வாசகர்:
நம் மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும் பொலிஸ் மீது எந்த அதிகாரமும் இல்லாததால் இந்தப் பிணக்கு நமக்குப் புதிதாகத் தெரிகிறது. அங்கே பொலிஸ் திணைக்களம் நகரத்துக்கே சொந்தம். அதனால்தான் மாநிலம் நகரத்தின் கையைக் கட்டுகிறது. கலிபோர்னியாவில் நிலைமை நேர்மாறானது. குடிவரவு அதிகாரிகளுடனான ஒத்துழைப்பை அம்மாநிலம் 2017இல் கட்டுப்படுத்தியபோது, அதை ஏற்க மறுத்து வழக்காடிய ஹன்டிங்டன் பீச் நகரம் 2020இல் மேன்முறையீட்டில் தோற்றது.

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
நன்றி. வீட்டில் திருட்டு நடந்தால்கூடப் பொலிசை அழைக்கத் தங்கை அஞ்சுகிறாள். அந்த அச்சம் நியாயமானதா?

மட்டக்களப்புச் சட்டத்தரணி:
அச்சம் இயல்பானதே அக்கா. பாதிக்கப்பட்டவரை வாய்மூட வைப்பதுதான் டெக்சாஸ் சட்டத்தின் பெருங்கொடுமை என்று நான் கருதுகிறேன். இருப்பினும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரிடமோ சாட்சியிடமோ, விசாரணைக்கு அவசியமானாலன்றி, அல்லது பொலிசாருக்கு உதவுவோரைப் பாதுகாக்கும் சமஷ்டி விசா பற்றி அறிவிப்பதற்கன்றி, குடிவரவு நிலையைக் கேட்கக் கூடாது என்று அதே சட்டம் கூறுகிறது. பாடசாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அதில் விலக்கு உண்டு. அவர்களுடைய புகலிட வழக்கைக் கவனிக்கும் சட்டத்தரணியிடம் இவ்விரண்டையும் தங்கை நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளட்டும்.