நலங்கு மாவை ஜெர்மனிக்கு அனுப்ப சி.பி.என்.பி. நம்பர் மட்டும் போதுமா?

மாவுமில்:
வணக்கம். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கார்போக அரிசி, கொஞ்சம் வசம்பு. இதுதான் எங்கள் நலங்கு மாவு. இங்கே காஸ்மெட்டிக் தயாரிப்பு லைசென்ஸ் இருக்கிறது. பெர்லினில் ஒரு தமிழ்க் கடை 100 கிராம் பாக்கெட் 300 கேட்கிறது, அதில் பாதி "பேபி பாத் பவுடர்" லேபிளில். சி.பி.என்.பி. (ஐரோப்பிய ஒன்றியத்தின் காஸ்மெட்டிக் அறிவிப்புத் தளம்) நம்பர் இருந்தால் போதும் என்கிறார் கடைக்காரர். அதை நாங்களே இங்கிருந்து வாங்க முடியுமா? சின்ன ஆர்டருக்கு விலக்கு ஏதும் உண்டா?

கப்பல்சரக்கு:
விலக்கு கிடையாது. வியாபாரத்தின் பகுதியாக ஒரு பாக்கெட்டை இலவசமாகக் கொடுத்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 காஸ்மெட்டிக் சட்டம் பாயும்.

சி.பி.என்.பி. அனுமதி இல்லை, அறிவிப்பு. கட்டணமும் இல்லை. யாரும் ஃபைலைப் படித்துப் பார்த்து முத்திரை குத்தித் தருவதில்லை. பொருளின் பெயர், வகை, பார்முலா விவரம், லேபிள், பாக்கெட் படம் எல்லாம் ஏற்றினால் நம்பர் வந்துவிடும். மாவில் பிரச்சினை இருந்தாலும் வரும். அதை நம்பிச் சரக்கு ஏற்றினால் பிறகு சோதனையில் மாட்டும்.

இந்தியாவிலிருந்து நீங்கள் நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள "ஆர்.பி.", அதாவது பொறுப்பாளர், செய்ய வேண்டும். எழுத்தில் வேறு யாரையும் நியமிக்காவிட்டால் இறக்குமதி செய்கிறவரே ஆர்.பி. உங்கள் கேஸில் அது கடைக்காரர்தான். அது அவருக்குத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள்! பொருள் பற்றிய பி.ஐ.எஃப். கோப்பை, கடைசி பேட்ச் சந்தைக்கு வந்ததிலிருந்து 10 வருடம் அவர் வைத்திருக்க வேண்டும். ஏதாவது நடந்தால் அதிகாரிகள் தட்டுவதும் அவர் கதவைத்தான்.

வேலையின் வரிசை: பார்முலாவை உறுதி செய்வது, சேஃப்டி அஸெஸரைப் பிடிப்பது, அவர் கேட்கும் டெஸ்ட், அவர் கையெழுத்திட்ட சி.பி.எஸ்.ஆர். என்ற பாதுகாப்பு அறிக்கை, பி.ஐ.எஃப்., லேபிள், பிறகு சி.பி.என்.பி. பலர் லேபிளை முதலில் அச்சடித்துவிட்டு, பார்முலா மாறியதும் அத்தனையையும் குப்பையில் போடுகிறார்கள். அஸெஸருக்கு மருந்தியல், நச்சியல், மருத்துவம் அல்லது அதுபோன்ற துறையில் பட்டம் வேண்டும். இந்தியப் பட்டமாக இருந்தால் ஏதாவது ஒரு உறுப்பு நாடு அதைச் சமமானதாக ஏற்றிருக்க வேண்டும். உள்ளூர் லேப் கொடுக்கும் "சேஃப் ஃபார் யூஸ்" சான்றிதழ் சி.பி.எஸ்.ஆருக்கு ஈடாகாது.

ஆய்வக_மேசை:
மேலே சொன்னது சரி. ஆனால் இந்த மாவு பேப்பருக்கு முன்பே பார்முலாவில் நின்றுவிடும்.

கார்போக அரிசியில் சோராலன் இருக்கிறது. அது ஃபியூரோகூமரின் குடும்பம். தோலில் பட்டு வெயில் பட்டால் கொப்புளம், கருமை. அந்தக் குடும்பம் தடைப்பட்டியலான அனெக்ஸ் 2-இல் உள்ளது. இயற்கை எசென்ஸில் வழக்கமாக இருக்கும் அளவுக்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் விதையையே அரைத்துப் போட்டுவிட்டு அதற்குள் ஒளிய முடியாது. எடுத்துவிடுங்கள். வசம்பில் பீட்டா-அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, இந்திய வசம்பில் அதிகம். அதன் அளவைக் கேட்காமல் எந்த அஸெஸரும் விடமாட்டார். கொஞ்சம்தான் போடுகிறீர்கள் என்றால் அதையும் எடுப்பதே மலிவு.

அடுத்தது கிருமி. ஐ.எஸ்.ஓ. 17516 படி பொதுவான பொருளில் ஒரு கிராமுக்கு 1000 சி.எஃப்.யு. (வளரும் கிருமிகளின் எண்ணிக்கை) வரை, மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கும் கண்ணைச் சுற்றிப் போடுவதற்கும் 100. வாசல் வெயிலில் காயவைத்த ஆவாரம்பூவும் வேரும் 100-ஐத் தொடுவது ரொம்பக் கஷ்டம். அரைக்கும் முன் நீராவி சுத்திகரிப்பு செய்து, உடனே உலர்த்தி, மூடிய அறையில் அரைத்துப் பேக் செய்தால் வழி உண்டு. ஈரம் விட்டுவிட்டால் மறுபடி ஏறும்.

கன உலோகம்: ஜெர்மனியின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகமான பி.வி.எல். 2016-இல் கொடுத்த வழிகாட்டி அளவுகள் ஒரு கிலோவுக்கு ஈயம் 2 மி.கி., ஆர்செனிக் 0.5, காட்மியம் 0.1, பாதரசம் 0.1. மஞ்சளில் நிறத்துக்காக லெட் குரோமேட் கலக்கும் வழக்கம் உண்டு, அதனால் கஸ்தூரி மஞ்சளை லாட் லாட்டாக டெஸ்ட் செய்யுங்கள். கலந்த மாவை மட்டும் டெஸ்ட் செய்தால் எந்தச் சரக்கு கெடுத்தது என்று தெரியாது.

மாவுமில்:
கார்போக அரிசி, வசம்பு இரண்டையும் எடுத்துவிடுகிறோம். சேலஞ்ச் டெஸ்ட் (கிருமியைக் கலந்து பொருள் தாங்குகிறதா என்று பார்ப்பது) வேண்டுமா? பேபி லேபிளுக்குத் தனி அறிக்கையா?

ஆய்வக_மேசை:
காய்ந்த பொடி, வாட்டர் ஆக்டிவிட்டி (கிருமி வளரக் கிடைக்கும் ஈரம்) குறைவு என்று அளந்து காட்டினால் ஐ.எஸ்.ஓ. 29621 படி சேலஞ்ச் டெஸ்ட் இல்லாமல் முடிக்கலாம். "தேவையான அளவு மட்டும் கையில் குழைத்துப் பயன்படுத்தவும், டப்பாவில் தண்ணீர் விட வேண்டாம்" என்ற வரி லேபிளில் வரட்டும்.

மூன்று வயதுக்குக் கீழ் என்றால் அறிக்கையின் பி பகுதியில் தனி மதிப்பீடு கட்டாயம். பொடி என்பதால் குழந்தை மூச்சில் இழுப்பதும் கணக்கில் வரும். என் கருத்து, முதல் ஆர்டரில் பேபியை விட்டுவிடுங்கள்.

அச்சுப்பிழை:
லேபிள் பக்கம் நான் சொல்கிறேன்.

ஆர்.பி. பெயர், முகவரி. "மேட் இன் இந்தியா". எடை. பேட்ச் எண். எதற்கான பொருள் என்பது. ஆயுள் 30 மாதம் அல்லது குறைவு என்றால் மணற்கடிகாரக் குறியும் தேதியும், அதற்கு மேல் என்றால், திறந்தபின் எத்தனை மாதம் என்று காட்டும் திறந்த டப்பா குறி. எச்சரிக்கையும் பயன்பாடும் ஜெர்மன் மொழியில். பொருட்பட்டியல் மட்டும் இன்சி (காஸ்மெட்டிக் பொருட்களுக்கான சர்வதேசப் பெயர்) பெயரில், எடையின் இறங்குவரிசையில். 1 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். "கடலை மாவு", "மூலிகைகள்" என்று எழுதினால் செல்லாது.

வாசனைக்குச் சந்தன எண்ணெய் சேர்த்தால் கவனம். 2023/1545 திருத்தம் அலர்ஜி பட்டியலை 24-இலிருந்து 80-க்கு மேல் ஏற்றிவிட்டது, சந்தன எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் அதில் உண்டு. கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் போட வேண்டும். புதுச் சரக்குக்கு 31 ஜூலை 2026-இலிருந்து.

"படை, சொறி, கரப்பான் நீங்கும்" என்று இருந்தால் அழித்துவிடுங்கள், அந்த வரி பொருளையே மருந்தாக்கிவிடும். "கெமிக்கல் ஃப்ரீ", "விலங்குகள் மேல் சோதிக்கவில்லை" இரண்டும் வேண்டாம். இரண்டாவது எப்படியும் சட்டக் கட்டாயம், அதைப் பெருமையாகச் சொல்லக் கூடாது என்று விளம்பர வாசகங்களுக்கான 655/2013 விதி தடுக்கிறது.

"பேபி" என்ற சொல்லை எடுத்துவிட்டு பாக்கெட்டில் குழந்தை படத்தை விட்டு வைக்காதீர்கள். படம் இருந்தாலே பேபி பொருள்தான்.