டயர் மாற்றிய பிறகு இஎஸ்சி விளக்கு அணையவில்லை (புதுச்சேரி)

வண்டி 2019 கிரெட்டா டீசல், எஸ்எக்ஸ் ஆப்ஷன். போன வாரம் புதுச்சேரியில் நாலு டயரும் மாற்றி, அலைன்மென்ட், பேலன்சிங் செய்தோம். டயர் பழைய அளவுதான், 215/60 ஆர்17. கடையிலிருந்து கிளம்பி அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் மஞ்சள் இஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிய ஆரம்பித்தது. ஏபிஎஸ் விளக்கு எரியவில்லை.

நேர் ரோட்டில் ஸ்டீரிங் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. ஆனால் வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

நாலு டயரிலும் காற்று சமமாக இருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியும் பலனில்லை. ஸ்கேனரில் சி1260 என்ற பிழைக் குறியீடு மட்டும் வருகிறது, அதாவது ஸ்டீரிங் ஆங்கிள் சென்சார் சிக்னல். 40 கிமீ வேகத்தில் நாலு வீல் ஸ்பீட் சென்சாரும் ஒரே அளவு காட்டுகின்றன. வயர்களும் கிளிப்பில் சரியாக இருக்கின்றன. அதனால் வீல் சென்சார் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. நேராக ஓட்டும்போது ஸ்டீரிங் கோணம் மட்டும் 0 வராமல் 9 டிகிரியில் நிற்கிறது.

ஸ்கேனரில் ஸீரோ காலிப்ரேஷனும் (ஸ்டீரிங் நேராக இருக்கும் நிலையை சென்சாரில் 0 என்று பதிவது) செய்தாயிற்று. செய்யும்போது ஸ்டீரிங்கை நேராக வைத்தார்கள், முன்சக்கரம் லேசாகத் திரும்பியிருந்தது. கொஞ்ச தூரம் ஓடியதும் விளக்கு திரும்ப வந்துவிட்டது. ஸ்டீரிங்கை கிளாம்ப் போட்டு நிறுத்தாமல் டோ (சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் கோணம்) வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடையில் சென்சாரையே மாற்றச் சொல்கிறார்கள். மழையில் இஎஸ்சி இல்லாமல் ஈசிஆரில் ஓட்டப் பயமாக இருக்கிறது.

ஸ்டீரிங்கை நடுவில் பூட்டி, இரண்டு டை ராடிலும் (ஸ்டீரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) டோ சரிசெய்து, மறுபடி காலிப்ரேட் செய்தால் போதுமா, இல்லை சென்சாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?