பில் புத்தகத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு: யாரை முன்னால் நிறுத்துவது?

கேட்டவர்:
கொழிஞ்சாம்பாறையில் பார்சல் ஆபீஸ், ஆறு பேர் இருக்கிறோம். அடுத்த மாதம் முதல் புக்கிங் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். மூத்தவர் ஒருவர் கார்பன் வைத்த பில் புத்தகத்தை விடவே மாட்டேன் என்கிறார். சட்டென்று கற்றுக்கொள்ளும் சின்னப் பையனிடம் பொறுப்பைக் கொடுக்கலாமா?

வாளையார்க்காரன்:
பையன் வேண்டாங்க. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில், அதாவது ஆன்லைனில் எடுத்து வண்டியோடு அனுப்பும் சரக்குச் சீட்டு, கட்டாயமானது. அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது கம்ப்யூட்டர் தெரிந்தவர் இல்லை, "புரியலை, இன்னொரு தடவை காட்டு" என்று வெட்கப்படாமல் கேட்ட கணக்குப்பிள்ளைதான், அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள். ஒருநாள் அவர் போட்ட இ-வே பில்லில் வண்டி நம்பரில் ஒரு எழுத்து மாறி லாரி வழியில் நின்றுவிட்டது. தப்பு என்னுடையது என்று அவரே சொல்லிவிட்டார். அப்புறம் யாரும் எதையும் மறைக்கவில்லை.

சித்தூர் அக்கா:
பொறுமை ஆட்களுக்கு மட்டும்தானா, முதலாளிக்கு வேண்டாமா? ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும் தம்பி. எந்தக் கடைக்காரர் பாக்கியை இழுத்தடிப்பார் என்பது அந்த மூத்தவருக்கு மனப்பாடம், அது எந்த சாஃப்ட்வேரிலும் வராது.

கேட்டவர்:
சரிங்க அக்கா, நாளைக்கு அவரையே பையன் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். கார்பன் தாள் மட்டும் இனி வாங்குவதாக இல்லை.